நண்பர் வந்த நாளும் வராத நாளும்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 47, திருவொற்றியூரில் இருக்கிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், கேட் ஆபீஸில் உட்கார்ந்து என்ட்ரி போடும் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட். பிரஷர் 148/94 இருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைத்து தினமும் நடக்கச் சொன்னார். மகள் ஸ்டெப் எண்ணும் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். மே 17-லிருந்து தினமும் எத்தனை ஸ்டெப் என்று நோட்டில் எழுதி வருகிறேன். முதல் 12 நாள் தனியாக நடந்தேன், சராசரி 3,950. அப்புறம் எதிர்வீட்டு நண்பர் கூட வந்தார், அந்த 14 நாளில் சராசரி 6,300. அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் 5,100. அவர் வந்தால்தான் நான் ஒழுங்காக நடக்கிறேன் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கும் மகள், "ஒரே ஒரு ஆளை வெச்சு எதையும் சொல்ல முடியாதுப்பா, அது ஆராய்ச்சியே இல்ல" என்கிறாள். நண்பருக்கு அறுபது வயதாகிறது. தேவையே இல்லாமல் அவரைத் தினமும் எழுப்பித் தொந்தரவு செய்கிறேனோ என்று மனசு உறுத்துகிறது. என் கணக்கு சரியா? இல்லை, எல்லாம் வாட்ச் செய்த வேலைதானா? நோட்டின் பக்கங்களை இணைத்திருக்கிறேன்.
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: வணக்கம். உங்கள் நோட்டுப் பக்கங்களைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டேன். மளிகைக் கணக்கு எழுதிய நோட்டின் பின்பக்கம். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. தேதி, ஸ்டெப், ஓரத்தில் நைட் ஷிப்டுக்கு "நை" என்று ஒரு குறி. 33 நாளில் ஒரு நாள்கூட விட்டுப் போகவில்லை. நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை. மனிதர்கள் ஏன் நடக்கிறார்கள், ஏன் நடப்பதை நிறுத்துகிறார்கள், மாத்திரையை ஏன் மறக்கிறார்கள் என்று ஆராய்கிற வேலை என்னுடையது. அந்த வேலையில் இப்படி ஒரு நோட்டு கைக்கு வருவது பெரிய விஷயம்.

முதலில் மகள் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் பாதி சரி. உங்கள் ஒருவரின் கணக்கை வைத்துக்கொண்டு, திருவொற்றியூரில் பிரஷர் இருக்கிற எல்லோருக்கும் "துணையோடு நடங்கள், அதிகம் நடப்பீர்கள்" என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அதைக் கேட்கவில்லையே. எதிர்வீட்டு நண்பர் வருவதால் நான் அதிகம் நடக்கிறேனா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினாலும் பதில் கிடைக்காது. அதற்கான பதில் உங்கள் நாட்களில்தான் இருக்கிறது. இங்கே சாம்பிள் என்பது ஆட்களைக் குறிக்காது, நாட்களைக் குறிக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் சாம்பிள் சைஸ் 33.

பத்துப் பேரைத் துணையோடு நடக்க விடுகிறோம் என்று வையுங்கள். ஆறு பேருக்கு 2,000 ஸ்டெப் கூடுகிறது. நாலு பேருக்கு, பேசிக்கொண்டே டீக்கடையில் நின்றுவிடுவதால், 500 குறைகிறது. சராசரி எடுத்தால் ஆளுக்கு 1,000 கூடியிருக்கும். ஆனால் அந்த 1,000 என்ற மனிதர் அந்தப் பத்துப் பேரில் யாருமே இல்லை. நீங்கள் அந்த ஆறில் ஒருவரா, நாலில் ஒருவரா என்பதைச் சராசரி ஒருநாளும் சொல்லாது.

கூட்டத்தை வைத்துச் செய்கிற ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்தே தீர வேண்டுமா, வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தால் போதுமா என்று நம் சென்னையில்தான் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 1959-ல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், சரியான சாப்பாடுகூட இல்லாமல் இருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. உலகமே அதற்கப்புறம் பாதையை மாற்றிக்கொண்டது. எல்லோருக்கும் எது நல்லது என்ற கேள்விக்கு அந்த வழிதான் சரி. எனக்கு எது நல்லது என்ற கேள்விக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வேறு வழிக்கும் நல்ல பரம்பரை உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கையாட்டும் அவருடைய சக மருத்துவர்களும் 1986-ல் ஒரே ஓர் ஆஸ்துமா நோயாளியை வைத்துச் செய்த சோதனையை வெளியிட்டார்கள். தியோபிலின் என்ற மருந்தைச் சில நாள், அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரையைச் சில நாள் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எப்போது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் பார்த்தால், அந்த மருந்து எடுத்த நாட்களில்தான் அவர் நிலைமை மோசமாக இருந்திருக்கிறது. ஒரே மனிதர், ஒரே முடிவு, மருந்தை நிறுத்தினார்கள். ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்பதற்கான ஆதாரங்களை வரிசைப்படுத்தி ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிற சான்றுசார் மருத்துவ மையம் 2011-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் ஒழுங்காகச் செய்த ஒற்றை ஆள் சோதனைக்கு மேல்தட்டிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம். அவர் கேட்டது நல்ல கேள்வி.

பழக்கங்களை ஆராய்கிறவர்களுக்கு இது இன்னும் பழைய சங்கதி. 1960-களிலேயே கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பேயர், மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி போன்றவர்கள் ஒரு குழந்தை, ஒரு நோயாளி என்று தனித்தனியாக வைத்துத்தான் வேலை செய்தார்கள். அவர்கள் வழி எளிமையானது. சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று பல நாள் அளந்து பார். ஒன்றைத் தொடங்கு, அள. நிறுத்து, அள. மறுபடி தொடங்கு. தொடங்கும்போதெல்லாம் ஏறி, நிறுத்தும்போதெல்லாம் இறங்கினால், அது தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று தடவையாவது அந்த ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஒப்புக்கொண்ட விதி.

சரி, உங்கள் நோட்டுக்கு வருவோம். உங்களுக்கே தெரியாமல் அதில் பாதி ஆராய்ச்சியை முடித்துவிட்டீர்கள். ஆனால் நீங்கள் எடுத்த சராசரி இருக்கிறதே, அது பல விஷயங்களை மூடி மறைத்துவிட்டது.

முதல் 12 நாளைத் தனியாகப் பாருங்கள். 5,900, 5,400, 4,600, 4,300 என்று ஆரம்பித்து, ஐந்தாம் நாளிலிருந்து 3,400 பக்கம் போய் நிற்கிறது. வாட்ச் கட்டிய புதுசில் யாருக்குமே கால் தானாக நடக்கும். அளக்கிறோம் என்பதே நடக்க வைக்கும். ஸ்டெப் எண்ணும் கருவி கட்டிக்கொண்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2007-ல் ஒரு தொகுப்பு வந்தது. கட்டாதவர்களை விட நாளுக்கு ஏறத்தாழ 2,500 ஸ்டெப் கூடியிருந்தது. ஆகவே வாட்சைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். உங்கள் விஷயத்தில் அந்தப் புதுமோகம் நாலே நாளில் தணிந்துவிட்டது என்று அந்த எண்கள் காட்டுவது போலத் தோன்றும். ஆனால் ஆறாம் நாளிலிருந்து ஓரத்தில் "நை" தொடங்குகிறது. இறங்கியது வாட்ச் அலுத்ததாலா, நைட் ஷிப்டாலா? இந்த 12 நாளை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் ஷிப்டுக்கு ஷிப்ட் ஒப்பிட்டுப் பார்த்தேன். நைட் வாரத்தில் தனியாக நடந்தபோது 3,400. நைட் வாரத்தில் நண்பரோடு 5,900. வித்தியாசம் 2,500. பகல் வாரத்தில் நண்பரோடு 6,700. பகலில் தனியாக, அதாவது அவர் ஊருக்குப் போயிருந்த வாரம், 5,100. இங்கே வித்தியாசம் 1,600 தான்.

ஆனால் அந்த வாரத்தின் கடைசி நாளைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, 9,400. பக்கத்தில் சின்னதாக "காசிமேடு, மீன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வந்த முதல் ஞாயிறு! ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் காத்திருந்த வடசென்னை மொத்தமும் அன்றைக்குக் கூடையோடு காசிமேட்டில்தான் இருந்திருக்கும். அந்த நடை நண்பர் இல்லாததால் வந்ததும் இல்லை, உடம்புக்காக நடந்ததும் இல்லை. அந்த ஒரு நாளை எடுத்துவிட்டால் மீதி ஆறு நாளின் சராசரி 4,380. ஒரே ஒரு மீன் கூடை உங்கள் வாரக் கணக்கை 700 ஸ்டெப் தூக்கிவிட்டது. எண்களைச் சராசரியாக்குவதற்கு முன் கிராஃப் பேப்பரில் புள்ளி புள்ளியாக வைத்துப் பாருங்கள் என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நண்பர் கூட வர ஆரம்பித்தது மே 29. கத்திரி முடிகிற சமயம். "நண்பரால் இல்லை, வெயில் குறைந்ததால் நடந்தீர்கள்" என்று மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அங்கேதான் அவர் ஊருக்குப் போன வாரம் உங்களுக்குக் கை கொடுக்கிறது. கத்திரி போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகும், நண்பர் இல்லாத அந்த வாரத்தில் எண் இறங்கியிருக்கிறது. வெயில் மட்டுமே காரணமாக இருந்தால் அது இறங்கியிருக்கக் கூடாது. வாட்ச் மட்டுமே காரணம் என்றாலும் இறங்கியிருக்கக் கூடாது. அந்த வாரமும் வாட்ச் கையில்தானே இருந்தது.

ஆக, உங்கள் ஊகம் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. நிரூபணம் ஆகிவிட்டதா என்றால், இன்னும் இல்லை. ஒரு தடவை ஏறியது, ஒரு தடவை இறங்கியது. அதுவும் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று நீங்கள் தீர்மானிக்கவில்லை, அதுவாக நடந்தது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என் அம்மா விஷயத்தில் நானே கண்ணால் பார்த்தேன். ராயபுரத்தில் இருந்தபோது ஒருநாள் சர்க்கரை 260 வந்துவிட்டது. பயந்துபோய் மறுநாளே வெந்தயத் தண்ணீர் ஆரம்பித்தார். அடுத்த வாரம் 190. வெந்தயம்தான் குறைத்தது என்று தெரு முழுக்கச் சொன்னார். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபோது அவருக்கு வழக்கமாகவே 180-லிருந்து 200 வரைதான் இருந்திருக்கிறது. 260 வந்த நாள் ஒரு கல்யாணத்துக்கு மறுநாள். எதுவுமே குடிக்காமல் இருந்திருந்தாலும் அது 190-க்குத் திரும்பித்தான் இருக்கும். நாம் எதையும் ஆரம்பிப்பது நிலைமை ரொம்ப மோசமான நாளில். அப்படிப்பட்ட நாள் வழக்கத்துக்கு மாறானது என்பதால், அடுத்த தடவை அளக்கும்போது பெரும்பாலும் அது தானாகவே வழக்கமான அளவுக்குத் திரும்பும். அந்தப் பெயரை நாம் ஆரம்பித்த பொருள் தட்டிக்கொண்டு போய்விடும். அம்மா அந்த நம்பிக்கையில் ஒரு மாதம் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

இனி செய்ய வேண்டியது. நான்கு வாரம் போதும்: இரண்டு பகல் வாரம், இரண்டு நைட் வாரம். ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் ஆறு சீட்டு எழுதுங்கள். மூன்றில் "கூட", மூன்றில் "தனி". ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, திங்களிலிருந்து சனி வரைக்கும் ஒவ்வொன்றாக வீட்டில் ஒருவரை எடுக்கச் சொல்லி வரிசையை நோட்டில் எழுதிவிடுங்கள். "கூட" என்று வந்த நாளில் நண்பரோடு நடங்கள். "தனி" வந்த நாளில், அதே நேரத்துக்கு, அதே மாட வீதியில் தனியாக நடங்கள். பகல் வாரம் என்றால் காலையில், நைட் வாரம் என்றால் தூங்கி எழுந்த பிறகு சாயங்காலம், இப்போது செய்கிற மாதிரியே. ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; காசிமேட்டுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள்.

வாட்ச் எல்லா நாளும் கையில் இருக்கட்டும். "தனி" நாளில் வேண்டுமென்றே குறைத்து நடக்காதீர்கள்; முடிந்தவரை நடங்கள். இந்தச் சோதனையில் எது எந்த நாள் என்பதை உங்களிடம் மறைக்க முடியாது, நண்பரை வெறும் மாத்திரை மாதிரி மாற்றி வைக்கவும் முடியாது. ஆகவே "இன்றைக்கு நன்றாக நடந்தேன்" என்ற நினைப்பை நம்பாமல் வாட்ச் காட்டும் எண்ணை மட்டும் எழுதுங்கள். மழை, தலைவலி, ஓவர்டைம், பௌர்ணமி அன்று வடிவுடையம்மன் கோயில் கூட்டத்தில் நடக்க இடமில்லாமல் போனது, இவற்றுக்கெல்லாம் ஓரத்தில் ஒரு வார்த்தை போதும். காசிமேட்டு மீன் எனக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

நான்கு வாரம் முடிந்ததும் உங்களிடம் 24 நாள் இருக்கும்: 12 கூட, 12 தனி, ஒவ்வொரு ஷிப்டிலும் ஆறுக்கு ஆறு. இப்போது மகளுக்கு வேலை. ஆறு நாளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழி. நான்கு வாரத்துக்கு 20-ஐ நான்கு தடவை பெருக்கினால் 1,60,000 வரிசைகள். உங்கள் சொம்பிலிருந்து வந்தது அவற்றில் ஒன்று. நண்பரால் எந்தப் பயனும் இல்லை என்றால், ஒவ்வொரு வரிசையை வைத்தும் "கூட" நாளுக்கும் "தனி" நாளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு அடுக்கினால், உங்களுடையது அதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த 1,60,000 வரிசையையும் கம்ப்யூட்டரில் ஓட்டி, உங்களுடைய நிஜமான வித்தியாசம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில ஆயிரத்துக்குள் வந்துவிட்டால், "ஒரு ஆளை வெச்சு எதையும் சொல்ல முடியாது" என்று அவர் இன்னொரு தடவை சொல்ல மாட்டார். குலுக்கல் சீட்டு விளையாட்டுக்காக இல்லை. இந்தக் கணக்கு செல்லுபடியாவதே அதனால்தான்.

பிரஷரை இந்தச் சோதனையில் அளவுகோலாக வைக்க வேண்டாம். நடை அன்றன்றைக்கு மாறும். பிரஷர் வாரக் கணக்கில் மெதுவாக மாறுவது. நேற்றைய நடையும் இன்றைய எண்ணில் கலந்திருக்கும். தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள், டாக்டருக்குப் பயன்படும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி வைத்து, கையை மார்பு உயரத்தில் தாங்கி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து டீ, சிகரெட் கூடாது. வீட்டில் அளக்கும்போது 135/85-க்குக் கீழே இருப்பதுதான் கணக்கு. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. கருவாடும் ஊறுகாயும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்தச் சீட்டுக் குலுக்கலை மாத்திரை விஷயத்தில் செய்யாதீர்கள். ஒரு வாரம் போட்டு, ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் அது ஆபத்து. மருந்தை வைத்துச் செய்கிற ஒற்றை ஆள் சோதனைக்கு டாக்டர் கூடவே இருக்க வேண்டும். லண்டனில் கொலஸ்ட்ரால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேருக்கு, மருத்துவர்கள் கண்காணிப்பில், 12 பாட்டில் கொடுத்தார்கள்: நாலில் மருந்து, நாலில் வெறும் மாத்திரை, நாலு காலி. மருந்து எடுத்த மாதத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரை எடுத்த மாதத்திலும் வந்திருந்தது. 2020-ல் வெளியான முடிவு அது. தங்கள் தங்கள் எண்களைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் தனித்தனிச் சோதனை, அறுபதையும் சேர்த்தால் ஊருக்கும் ஒரு செய்தி. எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது.

நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகையிலையை விட்டவரை, நிரூபிப்பதற்காக மறுபடி போடச் சொல்ல முடியாது. ஒரு தடவை கற்றுக்கொண்டதை மறக்கச் சொல்லவும் முடியாது. அந்த இடத்தில் மூன்று பேருக்கு மூன்று வெவ்வேறு தேதியில் ஆரம்பிப்போம். மாத்திரையை மறக்கிற மூன்று பெண்களில் ஒருவருக்கு இரண்டாம் வாரம் நாள்வாரி டப்பா, அடுத்தவருக்கு நாலாம் வாரம், மூன்றாமவருக்கு ஆறாம் வாரம். அவரவருக்கு டப்பா வந்த வாரத்தில்தான் அவரவர் மறதி குறைகிறது என்றால், அது டப்பாவின் வேலை.

கடைசியாக நண்பர் விஷயம். இந்த நான்கு வாரத்தில் "தனி" நாட்களின் எண்ணும் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே வரலாம். வித்தியாசம் சுருங்கும், மகளின் கணக்கு கொஞ்சம் குழம்பும். அதற்காகக் கவலைப்படாதீர்கள். நடை உங்கள் காலில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். நண்பர் வாரத்துக்கு மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கலாம். வித்தியாசம் கடைசி வரை அப்படியே நின்றால், அவரிடம் எண்களைக் காட்டி நேராகக் கேளுங்கள். தான் வருவதால் ஒருவர் 2,000 ஸ்டெப் கூட நடக்கிறார் என்று தெரிந்தால் அதைத் தொந்தரவு என்று நினைக்கிறவர்கள் நம் பக்கத்தில் குறைவு. அவருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். உங்களோடு வருவது அவருக்குப் பயன்படுகிறதா என்பது அவருடைய தனிக் கேள்வி.

சீட்டை நீங்கள் எடுக்காதீர்கள், மகளோ மனைவியோ எடுக்கட்டும். வாரம் முழுவதற்குமான வரிசையை ஞாயிறு இரவே நண்பரிடம் சொல்லிவிடுங்கள். "தனி" என்று சீட்டு வந்த நாளில், காலை ஐந்தரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்கிறவரைத் திருப்பி அனுப்பும்படி ஆகிவிடக் கூடாது.